நூறாவது டோக்கன்

திங்கட்கிழமை, 10ஆம் தேதி
பகல் ஒரு மணி, அலுவலகம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் உறுதியான செய்தி. உங்கள் பேஸ்மென்ட்டுக்கு வைத்த சீல் நிரந்தரமானதல்ல. தீயணைப்பு நிலைய அதிகாரி இன்று காலை பதினொன்று நாற்பதுக்குத் தன் அறையில் வைத்து என்னிடம் நேரில் சொன்னார். வெளியேற இரண்டாவது வழி ஒன்று இருப்பதாகக் காட்டினால் மறு ஆய்வுக்கு வருவார்களாம். விண்ணப்பத்தை வாடகைக்கு எடுத்தவரே எழுத வேண்டும், வேறு யார் எழுதினாலும் செல்லாது. பதினைந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடு. படிவம் இத்துடன் இருக்கிறது.

சனிக்கிழமை நடந்தது பற்றி அவர் சொன்னதையும் எழுதுகிறேன், விண்ணப்பத்துக்கு உதவும். உங்கள் பாட்டு நிகழ்ச்சி மூன்று மணிக்கு ஆரம்பம். நாலே காலுக்கு வாசலில் நானூறு பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். படிக்கட்டு ஒன்றுதான், அகலம் மூன்றடி. உள்ளே இடமில்லை என்று தெரிந்து மேலே ஏறியவர்களும், தெரியாமல் கீழே இறங்கியவர்களும் நடுவில் முட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. அவருடைய செருப்பு ஒன்று ஏழாவது படியில் கிடந்தது. நாலு ஐம்பதுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. ஐந்தரைக்கு சீல். மேல் தளத்துத் திரைச்சீலைப் பட்டறையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். அது மட்டும் இன்று காலை திறந்தாயிற்று.

பேப்பரில் என் கட்டுரையில் உங்கள் விலாசம் அச்சானதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுத்தது ‘பழைய துணிச்சந்தைப் பக்கம் ஒரு பேஸ்மென்ட்’ என்று மட்டும்தான். பக்கம் கட்டும் மேஜையில் கதவு எண்ணோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு நம் மீசைக்காரர். உனக்குத் தெரியும், என் கல்யாண போட்டோவில் பந்தியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். வெள்ளிக்கிழமை காலை பேப்பரைப் பார்த்து எனக்கே திக்கென்றது.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இது. சாப்பிடு, தூங்கு.

அன்புடன்,
அண்ணன்


புதன்கிழமை, 12ஆம் தேதி
கண்ணாடிக் கடை, மதிய இடைவேளை

அன்புள்ள அண்ணா,

விண்ணப்பத்தை நேற்றே கொடுத்துவிட்டேன். படிவத்துக்கு நன்றி. நன்றி இந்த ஒரு வரியோடு முடிந்தது, மிச்சத்தைப் படி.

ஒன்பது தடவை போன் அடித்திருக்கிறாய். கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் பாதிதான். போனில் பேசினால் எனக்கு இப்போதெல்லாம் பாதி வார்த்தை பிடிபடுவதில்லை. இடது காதில் ஒரு விசில் சத்தம், விடாமல். இரண்டு வருஷமாகிறது. கடையில் ஆட்கள் என் வலது பக்கம் உட்காரும்படி நாற்காலியை மாற்றிப் போட்டிருக்கிறேன். “இந்த லென்ஸில் எழுத்து தெரியுதா” என்று நான் கேட்பதும் “தெரியுது” என்று அவர்கள் சொல்வதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

போன மாதம் மூக்குக் கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று இதே கடைக்கு வந்தாய், ஞாபகமிருக்கிறதா? ஸ்க்ரூவை முடுக்கும் நேரத்துக்குள் பேட்டி எடுத்து முடித்துவிட்டாய். எத்தனை குழு, எத்தனை மணி நேரம், ஸ்பீக்கர் எத்தனை வாட், பாடுகிறவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார். லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னதும் உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். தலைப்பு கிடைத்துவிட்டது என்று. எல்லாம் கேட்டாய். போஸ்டரில் ஏன் விலாசம் போடுவதில்லை என்று மட்டும் கேட்கவில்லை. நாங்கள் ஏதோ பந்தா பண்ணுகிறோம் என்று நினைத்திருப்பாய்.

இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள். அந்தப் படிக்கட்டு தாங்குவது நூறு பேரை. நூறு பேர் என்றால் தள்ளாமல் கொள்ளாமல் மூன்று நிமிஷத்தில் மேலே வந்துவிடலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் நாங்களே ஏறி இறங்கி நேரம் பார்த்தோம். அதற்காகத்தான் அட்டைப்பெட்டியை வெட்டி நூறு டோக்கன். அதெல்லாம் தெருமுனையில் கடை வைத்திருக்கும் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் இருக்கும். வந்து கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒன்று கொடுத்து வழி சொல்வார். டோக்கன் தீர்ந்துவிட்டால் அவருக்கு எதுவுமே தெரியாது. “இங்க ரேடியோதாம்பா பாக்கறோம், பாட்டு வேணும்னா ரேடியோவப் போடு” என்பார். படிக்கட்டு உச்சியில் ஒருத்தர் நின்று டோக்கனை வாங்குவார். நூறு சேர்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஏழு வருஷத்தில் ஒருத்தர் காலில்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன சனிக்கிழமை பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள் அண்ணா. மடித்து, உன் கட்டுரை மேலே தெரிகிற மாதிரி. “பேப்பர்லயே போட்டிருக்கு, நீங்க யாரு நிறுத்த” என்று வாசலில் நின்றவரைத் தள்ளினார்கள். சவுண்ட் பார்க்கிற அக்கா, நாங்கள் சவுண்டக்கா என்போம், கூட்டத்தை மேலே அனுப்பப் படியேறினார். அவர் கைதான் உடைந்தது. வலது கை. சவுண்ட் மிக்ஸர் பட்டன்களை ஓட்டுகிற கை.

திரைச்சீலைக்காரர் திட்டக்கூட இல்லை. “உன் டிரம்ஸைக் கேட்டுக் கேட்டு என் தையல் மெஷினே தாளத்துல ஓடுது, ரெண்டு நாளா அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியல” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் மீசைக்காரருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். என் பாணியில்.

தங்கச்சி


வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் காது பற்றி எனக்குத் தெரியாது. ஒரே ஊரில் பஸ்ஸில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாகத் தெரியவில்லை. எந்த டாக்டர், என்ன சொன்னார், எழுது.

நேற்று சாயங்காலம் உங்கள் சவுண்டக்காவை வீட்டில் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாவுக்கட்டு முழங்கைவரை. ஆறு வாரம் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார். பத்திரிகைக்காரன் என்று நான் சொன்னதும், “உள்ள வாங்க, கட்டுல கையெழுத்துப் போடுங்க, உங்க எழுத்துக்கு நல்ல பவர் இருக்கு” என்றார். அவர் கணவர் சிரித்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மீசைக்காரரை ஆசிரியர் புதன்கிழமை கூப்பிட்டு விசாரித்தார். வார இறுதிப் பக்கத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வானிலையும் மரண அறிவிப்பும் பார்க்கிறார். பதினெட்டு வருஷம் அந்தப் பக்கத்தைக் கட்டியவர். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நீ அவருக்கு எழுத வேண்டாமே. பட்டவரை மேலும் படுத்த வேண்டாம்.

தீயணைப்பு அதிகாரியிடம் நான் இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டுமா? பழைய பழக்கம், மறுக்க மாட்டார்.

ஒன்று கேட்க மறந்தேன். நடக்காமல் போன ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் என்ன இருந்தது? போஸ்டரில் சனிக்கிழமைக்கு மூன்று குழு. ஞாயிறுக்கு உங்கள் ‘ஈரச்சுவர்’ மட்டும்தான். ஒரு குழுவுக்கு ஒரு முழு நாளா என்று அப்போதே கேட்க நினைத்தேன்.

அன்புடன்,
அண்ணன்


திங்கட்கிழமை, 17ஆம் தேதி

அண்ணா,

நீ யாரிடமும் பேச வேண்டாம். தயவுசெய்து.

மீசைக்காரருக்கு எழுதாதே என்று நீ சொன்ன கடிதம் வருவதற்கு முன்பே நான் எழுதி அனுப்பிவிட்டேன். நாலு பக்கம். அதில் மரியாதையாக ஒரு வார்த்தை கிடையாது. சனிக்கிழமை கடைக்கே வந்துவிட்டார். கூட்ட நேரம். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், இடது பக்கமாக வந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் வரச்சொன்னேன். மறுபடி சொன்னார்.

“எழுதி வந்ததை அப்படியே விட்டுட்டேம்மா. கதவு நம்பரைப் பாத்ததும் ஒரு தடவை கேட்டிருக்கணும். பெரிய ரிப்போர்ட்டர் எழுத்து, தப்பு இருக்காதுன்னு விட்டுட்டேன். எடுக்க வேண்டியது என் வேலை. அதனால தப்பு என்னோடதுதான்.”

யார் எழுதி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் பெயர் சொல்லவில்லை. ஆபீஸிலும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் கண்ணாடியின் மூக்குப் பிடி தேய்ந்து போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் உன் முதல் கடிதத்தை எடுத்தேன். செருப்பு ஏழாவது படியில் கிடந்தது என்று அதிகாரி சொன்னதாக எழுதியிருக்கிறாய். சவுண்டக்கா விழுந்ததும் அந்தச் செருப்பை எடுத்து என் பைக்குள் போட்டது நான்தான். அப்போது வண்டியே வரவில்லை. அதிகாரி அதைப் பார்த்திருக்க முடியாது. நீ எழுதியதில் மற்ற எல்லாம் சரி, அது ஏழாவது படி என்பதும் சரி. நீ எப்போதுமே எண்ணுகிறவன். சின்ன வயதில் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போனால்கூடப் படியை எண்ணிக்கொண்டுதான் போவாய்.

நான் எதையும் கேட்கவில்லை. உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கடைசி நிகழ்ச்சி. இந்த மாதத்தோடு டிரம்ஸை நிறுத்தாவிட்டால் வலது காதும் போகும் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே உட்கார்ந்து, வாயைப் பார்த்தால் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி என்று யாரிடமும் சொல்லாமல், ஏழு வருஷத்துப் பாட்டு எல்லாவற்றையும் மூன்றிலிருந்து எட்டுவரை வாசித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ரேடியோக்காரரிடம் தொண்ணூற்றொன்பதுதான் கொடுத்தேன். நூறாவதை என்னிடம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து உன் கையில் கொடுக்கலாம் என்று. இத்தனை வருஷமாக நான் உன்னைக் கூப்பிட்டதில்லை. நீ கேட்டுவிட்டு வந்து தப்புகளை எண்ணுவாய் என்று பயம்.

டோக்கன் இத்துடன் இருக்கிறது. தேதி போய்விட்டது. வைத்துக்கொள், இல்லை தூக்கிப் போடு.

தங்கச்சி


செவ்வாய்க்கிழமை, 18ஆம் தேதி
மாலை ஆறு மணி, வீட்டில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உறுதியான செய்தி: விலாசத்தை எழுதியது நான். ஆதாரம் நானே. தட்டச்சுப் பிரதியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கதவு எண் இரண்டாவது பத்தியில் இருக்கிறது, பார்.

முதலில் எழுதியபோது அது இல்லை. பழைய துணிச்சந்தைப் பக்கம் என்றுதான் எழுதினேன், அவ்வளவு உண்மை. வியாழக்கிழமை நாலு பத்துக்கு, பக்கம் போவதற்கு இருபது நிமிஷம் முன்னால், திரும்ப உட்கார்ந்து எண்ணைச் சேர்த்தேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் உன்னை ஆட்டோவில் தெருமுனையில் இறக்கிவிட்டேன். ஷட்டருக்குள் நீ குனிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் அப்போதிலிருந்து தெரியும்.

ஏன் சேர்த்தேன் என்று பத்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எந்தப் பேப்பரிலும் அது இல்லை என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. யாரோ ஒரு ஆள் போய் ரேடியோக்காரர் முன்னால் நின்றால் வழி கிடைக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. விலாசம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் எல்லோரோடும் சேர்ந்து நானும் வரலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இப்படி யோசித்து எழுதினேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்காமல் எழுதினேன் என்றாலும் பொய்தான்.

சனிக்கிழமை நான் வந்திருந்தேன். எட்டாவது படியில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் நகரவில்லை, பின்னாலிருந்து முதுகில் தள்ளினார்கள், நானும் ஒரு தடவை முன்னால் இருந்தவரைத் தள்ளினேன். அதன் பிறகுதான் சவுண்டக்கா விழுந்தார். நான் தள்ளியதாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. செருப்பு என் காலடியில் இருந்தது. நீ கீழேயிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து அதை எடுத்தபோது நான் நோட்டில் ‘ஏழாவது படி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ நிமிரவில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். அப்படி நோட்டில் குறித்துக்கொள்வது, முப்பத்தொரு வருஷ வேலையில் கை தானாகச் செய்கிற காரியம். சொந்தத் தங்கச்சி குனிந்து நிற்கும்போதும் செய்தது.

இன்று பகல் பன்னிரண்டுக்கு ஆசிரியரிடம் தட்டச்சுப் பிரதியைக் கொடுத்தேன். மீசைக்காரரையும் கூப்பிட்டார். அவர் பிரதியைப் பார்த்துவிட்டு, “இது எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு சார், கிழிச்சுட்டேன்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அறையைவிட்டு வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். “உங்க தங்கச்சி மூக்குப் பிடி நல்லா போட்டுக் கொடுத்தாங்க, இப்ப வழுக்கறதே இல்ல” என்றார். பந்தியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்.

சனிக்கிழமை, 22ஆம் தேதி, மூன்றாம் பக்கத்தில் என் பெயரில் திருத்தம் வரும். சவுண்டக்காவுக்கும் திரைச்சீலைக்காரருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். என்னை என்ன செய்வது என்று மாத முடிவில் ஆசிரியர் சொல்வார்.

டோக்கனைத் தூக்கிப் போடவில்லை. மேஜைமேல் இருக்கிறது. வட்டம் சரியாக வரவில்லை, ஒரு பக்கம் கத்தரிக்கோல் சறுக்கியிருக்கிறது. பின்பக்கம் நூறு என்று உன் கையெழுத்து. தப்புகளை எண்ணுவேன் என்று பயந்தாயே. எனக்குத் தாளமே தெரியாது. எதை எண்ணியிருப்பேன்?

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்துதான் இவ்வளவையும் எழுதினேன். நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அண்ணன்


செவ்வாய்க்கிழமை, 25ஆம் தேதி

அண்ணா,

ஐந்து நாள் உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். திருத்தத்தைப் படித்தேன். மூன்று வரி, நேராக இருந்தது. சவுண்டக்கா அதை வெட்டி மாவுக்கட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். “கையெழுத்துப் போடச் சொன்னேன், மனுஷன் அச்சடிச்சே அனுப்பிட்டாரு” என்கிறார். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. காதில் இருக்கும் விசிலைப் போல, சில நேரம் கேட்கிறது, சில நேரம் வேலையில் மறந்துபோகிறது. போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நம் இருவரில் ஒருவர் சொன்னது போதும்.

திரைச்சீலைக்காரர் பட்டறைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. பேஸ்மென்ட்டிலிருந்து அதற்கு இரும்புப் படி வைக்கச் சம்மதித்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கும் அவருடைய ஆட்களும் மூன்று நாளாக வெல்டிங் பண்ணுகிறார்கள். வியாழக்கிழமை, 27ஆம் தேதி, காலை பத்து மணிக்கு அதிகாரி மறு ஆய்வுக்கு வருகிறார். கடிதம் வந்துவிட்டது. அவர் சரி என்றால் சனிக்கிழமை மூன்றிலிருந்து எட்டுவரை. காது டாக்டர் கொடுத்த மாதத்தில் அதுதான் கடைசி சனிக்கிழமை. அவர் முடியாது என்றால் அதுவும் இல்லை.

படி இரண்டானாலும் எங்களுக்கு எண்ணிக்கை நூறுதான். மிக்ஸரில் உட்கார சவுண்டக்காவால் முடியாது. வாசலில் டோக்கன் வாங்குகிறவர்தான் அதைப் பார்க்கப் போகிறார். அதனால் படிக்கட்டு உச்சியில் நிற்க ஒரு ஆள் வேண்டும். எண்ணத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். நூறு சேர்ந்ததும் ஷட்டரை இறக்க வேண்டும். அதற்கப்புறம் யார் வந்தாலும் விடக்கூடாது, பேப்பரைக் காட்டினாலும்.

நிற்கிறவர் கடைசிவரை மேலேயே நிற்க வேண்டும். இடையில் கீழே இறங்கக் கூடாது. இது உனக்காகப் போட்ட விதி இல்லை, ஏழு வருஷமாக இருப்பது. அங்கே பாட்டு கேட்காது. பெரிய டிரம் மட்டும் செருப்பு வழியாகக் காலுக்குத் தெரியும் என்று முன்னால் நின்றவர் சொல்லியிருக்கிறார்.

உன்னிடம் இருக்கும் நூறாவது டோக்கனை மீசைக்காரரிடம் கொடு. அவரை இரண்டே முக்காலுக்கே அழைத்து வா. ஆளைக் கீழே அனுப்பிவிட்டு நீ மேலே நில்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குமேல் கடைக்கு வா. என்ன ஆயிற்று என்று நேரில் சொல்கிறேன். வலது பக்கமாக வந்து நில்.

தங்கச்சி